இழுப்பு பார்த்தல்

ஆம்பூரிலிருந்து சத்துவாச்சாரி வரைக்கும்
நின்றுகொண்டே வந்தேன்.
சீட்டு காலியாகத்தான் இருந்தது.
உட்கார்ந்தால் எழுந்திருக்க
யாரையாவது கூப்பிட வேண்டும்.

ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
பலகையில் ஆஸ்டியோபதி என்று எழுதியிருந்தது.
திருப்பதி மாதிரி அதுவும் ஏதோ ஊர்,
மொட்டை போட்டால் சரியாகிவிடும் என்று
நாலு மாதமாய் ரெஜினாவைக் கேலி செய்தவள் நான்.
விலாசம் எழுதிய சீட்டை
அவள்தான் என் டிபன் டப்பாவுக்குள் போட்டுவைத்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தாச்சு.
எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள்.
அந்த ஒன்றுமில்லாததுதான்
பதினோரு வருடமாய்
இடது காதுக்குக் கீழே தொடங்கி
தோள்பட்டை வழியாய் இறங்கி
நடுமுதுகில் வாடகை தராமல் குடியிருக்கிறது.

சலூனில் செய்வதுபோல்
படக்கென்று ஒடிப்பார்கள் என்று
பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன்.
ஃபௌசியா மேடம் ஒடிக்கவில்லை.
கழுத்துப் பக்கமே வரவில்லை.
கணுக்காலைப் பிடித்துக்கொண்டு
"மெஷினுக்கு எந்தக் கால்?" என்றார்.

வலது கால்.
மிதித்தால் ஓடும், எடுத்தால் நிற்கும்.
ஒரு நாளைக்கு நூற்றெண்பது ஜோடி அப்பர்.
கால் மிதிக்க, இடுப்பு ஒருபக்கம் சாய,
சாய்ந்ததை நிமிர்த்த முதுகு வளைய,
"கடைசியில் எல்லார் கடனையும்
கழுத்து கட்டுகிறது" என்றார்.

பிறகு தலைக்கடியில் இரண்டு கையும் வைத்தார்.
வைத்தார், அவ்வளவுதான்.
"ஐந்து கிலோ இருக்கும். கொஞ்ச நேரம்
என்னிடம் கொடுத்துவிடுங்கள்."
ரேஷன் கடை வரிசையில்கூட
அரிசிப் பையை அடுத்தவர் கையில் கொடுத்தவள் இல்லை.
கொடுக்கத் தெரியவில்லை.
கீழே ஜெராக்ஸ் மெஷின்
பக்கம் பக்கமாய் மூச்சு விட்டது.
எந்தப் பக்கத்தில் கொடுத்தேனோ.

அப்போதுதான் அந்த விரல்கள் பிடிபட்டன.
தையலுக்கு வருமுன் இரண்டு வருடம்
நான் கட்டிங் செக்‌ஷன்.
பலகையில் தோலை விரித்து
கத்தி வைக்குமுன் இழுத்துப் பார்ப்போம்:
எந்தப் பக்கம் கொடுக்கும்,
எந்தப் பக்கம் முரண்டு பிடிக்கும்.
வயிற்றுத் தோல் இளகும்.
முதுகுத் தோல் லேசில் இளகாது,
விலை அதற்குத்தான்.
ஆட்டு முதுகு, மாட்டு முதுகு,
கண்ணை மூடிக்கொண்டு ரகம் சொல்லுவேன்.
என் முதுகுக்கு
முதல் தடவையாய் ஒருவர்
இழுப்பு பார்க்கிறார்.

மாத்திரை தரவில்லை, வேலை தந்தார்.
பாபின் தீரும்போதெல்லாம்
தோளைக் காதுவரை தூக்கி
ஆறவிட்டு இறக்க வேண்டும்.
டேபிள் ஃபேன்போல் முகத்தைத் திருப்பி
வலி இருக்கும் இடத்துக்கு ஒரு விரல் முன்னாலேயே
திரும்பி வந்துவிட வேண்டும்.
முட்டக் கூடாது.

சூப்பர்வைசர் சம்பத் பார்த்தான்.
"இன்னாக்கா, சாமி வந்துச்சா?"
வரிசை முழுக்கச் சிரிப்பு.
அடுத்த வாரம்
பக்கத்து மெஷின் இரண்டு பேருக்கும்
பாபின் மாற்றும்போது சாமி வந்தது.

வலி போய்விட்டதா என்றால், இல்லை.
ஷிப்மென்ட் வாரத்தில் பெட்டியோடு வந்து இறங்கும்.
ஆனால் இரண்டாம் தடவை போய்த் திரும்பும்போது
உட்கார்ந்தே வந்தேன்.
பள்ளிகொண்டா டோல்கேட்டில்
பின்சீட்டிலிருந்து யாரோ "இன்பவள்ளி!" என்று கூப்பிட,
உடம்பை அப்படியே விட்டுவிட்டு
தலை மட்டும் திரும்பியது.
கூப்பிட்டது வேறொரு இன்பவள்ளியை.
இருந்தாலும் திரும்பியது.

மூன்றாம் தடவை கிளம்பும்போது
வாசலில் செருப்பு தேடினேன்.
என்னுடையதற்குப் பக்கத்தில் மேடத்தின் ஜோடி.
வலது சோல் புதுசு மாதிரி.
இடது குதி மட்டும்
உள்பக்கம் சரிந்து, தையல் தெரியத் தேய்ந்திருந்தது.

"மேடம், உங்களுக்கு
இடது இடுப்பு வலிக்குதா?"

கதவைப் பிடித்தபடி நின்றார்.
அடுத்த ஆள் படியேறி வரும் சத்தம்.
"நாளெல்லாம் நிற்கிறேன் இல்லையா" என்று
சிரிக்கப் பார்த்தார்.

நான் படியில் உட்கார்ந்தேன்.
செருப்பைக் கையில் எடுத்து
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
வளைத்துப் பார்த்தேன்.