இரண்டடி அகலம்

ஞாயிறு காலை ஆறரை.
நிபோங் திபால் சாலையில்
செம்பனை லோரிகள் இன்னும் எழவில்லை.
ரொஸ்லான் தண்டவாளத்தின் குறுக்கே
அளவுகோலை வைத்தார்.
அறுநூற்றுப் பத்து மில்லிமீட்டர்.
"சரியா?"
"சரி" என்று எழுதினேன்.
பத்துத் தப்படிக்கு ஒருமுறை
இதே கேள்வி, இதே பதில்,
சாக்கடைப் பாலம்வரை.
அங்கே மட்டும் அறுநூற்றுப் பதினாறு.
எழுதிவிட்டு இருவரும் பேசாமல் நின்றோம்.

எங்கள் ரயில்பாதை மொத்தமே ஒன்றரை கிலோமீட்டர்.
போகும், நிற்கும்,
திரும்ப இடமில்லாததால்
பின்பக்கமாகவே வந்து சேரும்.
பெரியவர்களுக்கு எட்டு வெள்ளி, பிள்ளைகளுக்கு நாலு.
ஒரு காலத்தில் கரும்பு சுமந்தது.
பாதை போட்டவர்கள் யார் யார் என்று
பலகையில் எழுத ஒரு கூட்டம் போட்டோம்.
ஒரு பெயரும் கிடைக்கவில்லை.
இயந்திரத்தின் வரிசை எண் மட்டும்
பித்தளையில் தெளிவாக இருந்தது.
அதைத் துடைத்துப் பளபளக்க வைத்தோம்.

வாரநாளில் நான் பாயான் லெப்பாஸில்
நுண்ணோக்கியின் கீழ்
தங்கக் கம்பி சோதிக்கிறவள்.
தலைமுடியைவிட மெல்லியது.
ஒன்று நகர்ந்திருந்தால்
முழுத் தட்டையும் குப்பையில் போடுவார்கள்.
ஞாயிறன்று
ஆறு மில்லிமீட்டர் நகர்ந்த பாதைக்குப்
பச்சைக்கொடி அசைத்தேன்.

பத்தரை மணி வண்டி.
ஈப்போவிலிருந்து இருபத்து மூன்று பேர்,
கேமராவோடு ஒரு டச்சுக்காரர்,
கூடையில் பூனையோடு ஒரு பெண்.
(பூனைக்கு விதிமுறையில் ஒன்றும் இல்லை.
நாலு வெள்ளி வாங்கிக்கொண்டேன்.)
இயந்திரத்தில் சியோங். பல் மருத்துவர்.
டீசல் இருமும்போதெல்லாம்
"வாயைத் திற, இன்னும் திற" என்று
ஹொக்கியனில் அதனிடம் கெஞ்சுவார்.

பாலத்தில்
பெரிய சத்தமொன்றும் இல்லை.
யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டதுபோல் ஓர் ஓசை.
இரண்டாம் பெட்டி
ஒரு காலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்து நின்றது,
கோயில் வாசலில்
செருப்பைத் தேடும் ஆள்போல.
சிவப்புக்கொடி என் கையில்.
யாருக்குக் காட்டுவதென்று தெரியாமல்
செம்பனைகளுக்குக் காட்டினேன்.

இறங்கினார்கள். திட்டவில்லை.
லோரி ஓட்டுகிறவராம், ஒருவர்
"ஜாக்கி எங்கே?" என்றார்.
டச்சுக்காரர் கேமராவைப் பூனைக்காரியிடம் தந்துவிட்டுச்
சட்டையைக் கழற்றினார்.
கட்டைமேல் கட்டை.
ரொஸ்லான் "சத்து, டுவா" என்று எண்ணினார்.
மூன்று எந்த மொழியில் வந்தது
என்று நினைவில்லை.
பெட்டி ஏறி உட்கார்ந்தது.

முந்தானையில் கிரீஸைத் துடைத்தபடி
ஓர் அம்மா கேட்டார்:
"உங்களுக்கு மாசம் எவ்வளவு தர்றாங்க?"
"நாங்கதான்மா தர்றோம். ஆளுக்கு இருபது வெள்ளி."
என்னை மேலும் கீழும் பார்த்தார்.
பிறகு கைப்பையைத் திறந்து
பாதி தீர்ந்த முறுக்குப் பொட்டலத்தை
என் கையில் திணித்தார்.

மாலையில் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன்.
பென்சிலில், கோணல் எழுத்தில், ஒரு பிள்ளை:
அடுத்த வாரமும் விழுமா?
சியோங் சிரித்தார்.
ரொஸ்லான் சிரிக்கவில்லை.
டார்ச்சை எடுத்துக்கொண்டு
பாலத்துக்கு நடந்தார்.
நாங்கள் ஸ்பேனர்களோடு பின்னால்.
நாலு சிலிப்பர் கட்டைகளை மாற்றி முடிக்க
மணி ஒன்பது.
கொசு கடித்த இடமெல்லாம் கிரீஸ்.
மறுபடி அளவுகோல்.
அறுநூற்றுப் பதினொன்று.
"சரியா?"
படிவத்தில் சரி, சரியில்லை
என்று இரண்டே கட்டங்கள்.
அன்றைக்கு நான்
எதிலும் எழுதவில்லை.
அடுத்த ஞாயிறு வண்டி ஓடாது என்று
வாசலில் அட்டை கட்டினோம்.

திங்கட்கிழமை
தொழிற்சாலை வாசல் என்னைக் கண்டு அலறியது.
காவலர் என் பையைத் துழாவிக்
கட்டைவிரல் பருமனில் ஒரு துருப்பிடித்த போல்ட்டை
மேசையில் வைத்தார்.
"என்ன இது?"
பின்னால் வரிசை நீண்டது.
"ரயிலோடது" என்றேன்.
எந்த ரயில் என்று அவர் கேட்கவில்லை.
அதை ஒரு நெகிழிப் பையில் போட்டு,
சீட்டு ஒட்டி,
பேனாவை உதறி உதறி
என் பெயரை முழுதாக எழுதினார்:
புஷ்பலீலா த/பெ ஆறுமுகம்.
வேலை முடிந்ததும்
வாங்கிக்கொள்ளச் சொன்னார்.