உடுக்குறி

அந்த உடுக்குறியை வைத்தவள் நான்தான்.
"நினைவைத் தெளிவாக்கும்" என்ற சொற்களின் தோளில்,
கொசு உட்கார்ந்த அளவுக்கு.
அதன் ஜோடி புட்டியின் முதுகில் இருந்தது,
பார்கோடுக்கும் ஒட்டு மடிப்புக்கும் இடையில்,
வெள்ளையின் மேல் வெளிர்சாம்பலாக, நாலரைப் புள்ளி எழுத்தில்:
இக்கூற்றை எந்த அரசுத் துறையும் ஆராயவில்லை.
இது எந்த நோய்க்கும் மருந்தல்ல.

ஆக்டன் நீதிமன்றம், மூன்றாம் தளம்.
ஜன்னலில் வாசாட்ச் மலை,
ஏப்ரலிலும் பனியைக் கழற்றாமல்.
சத்தியம் செய்யக் கையைத் தூக்கினேன்.
விரலில் மைக்கறை இல்லை.
இந்தத் தொழிலில் இப்போது யாருக்குமே இல்லை.

வக்கீல் லெசீலி புலோட்டு
புட்டியை என்னிடம் நீட்டி,
"பின்பக்கத்தைப் படியுங்கள்" என்றார்.
திருப்பினேன். விளக்குக்கு நேரே பிடித்தேன்.
தள்ளிப் பிடித்தேன்.
"முடியவில்லையா?"
"மூக்குக்கண்ணாடி காரில் இருக்கிறது."
"எழுதியபோது எப்படித் தெரிந்தது?"
"திரையில். நானூறு சதவீதம் பெரிதாக்கி."
யாரோ இருமினார்கள்.
நீதிபதி எதையோ குறித்துக்கொண்டார்,
என் எழுத்தைவிடப் பெரிய எழுத்தில்.

கம்பெனி வக்கீலுக்கு நல்ல குரல்.
"தெளிவாக்கும் என்பது வாக்குறுதி அல்ல, கனம் நீதிபதி அவர்களே.
அது ஒரு வகை வாழ்த்து.
நூறாண்டு வாழ்க என்கிறோம்,
தொண்ணூறில் செத்தால் வழக்குப் போடுகிறார்களா?"

வெர்ல் ஹன்சேக்கர் சிரிக்கவில்லை.
ரயில்வே யார்டில் முப்பத்தோரு வருடம்
பெட்டிகளை எண்ணியவர்.
விதைக்கடை காலண்டரில்
ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு கோடு.
பத்தொன்பது மாதக் கோடுகள்.
நெல்டா காப்பியில் உப்புப் போட்ட நாள் முதல்
தினம் இரண்டு.
தேவாலயத்திலிருந்து திரும்பும் வழி தவறிய நாள் முதல்
தினம் நான்கு.
ஜூலை வெயிலில் அவள் கம்பளிச் சட்டை கேட்டாள்,
அதற்கு லேபிளில் ஒன்றும் போட்டிருக்கவில்லை.

கடைசியில் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை.
தைராய்டு.
உளுந்தில் பாதி அளவு மாத்திரை.
மாதம் ஒன்பது டாலர்.

இடைவேளையில் நெல்டா என்னைத் தேடி வந்தாள்.
தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில்.
திட்டுவாள் என்று நினைத்தேன்,
திட்டியிருக்கலாம்.
"அந்தப் பச்சை இலை நீங்கள் வரைந்ததா?" என்றாள்.
"ரொம்ப அழகு. ஷெல்ஃப் முழுக்கப் புட்டிகள்,
எதை எடுப்பது என்று வெர்லுக்குத் தெரியவில்லை.
நான்தான் அந்த இலையைக் காட்டினேன்.
அது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது."

என்ன சொல்ல.
அது எந்தச் செடியின் இலை என்று எனக்குத் தெரியாது.
ஒரு படக்கடையில் பன்னிரண்டு டாலருக்கு வாங்கியது.
நரம்புகளைக் கொஞ்சம் அழித்து,
ஓரத்தில் ஒரு பனித்துளி வைத்தேன்.
அது மட்டும்தான் என் வேலை.
"ஆமாம்" என்றேன்.
சத்தியம் உள்ளே கூண்டில் செய்தது,
நடைபாதைக்குச் செல்லாது.

தீர்ப்பு வரவில்லை. சமரசம் வந்தது.
ஹன்சேக்கருக்கு ஒரு தொகை, வெளியே சொல்லக் கூடாது.
வாங்கிய மற்ற எல்லாருக்கும்
ஆளுக்கு நாலு டாலர் கூப்பன்,
அதே கம்பெனியில் செலவழிக்க.
தொண்ணூறு நாளில் லேபிள் மாறவேண்டும்.

வேலை என்னிடமே வந்தது.
தெளிவாக்கும் என்பதை அடித்தேன்.
தெளிவுக்குத் துணைநிற்கலாம் என்று போட்டேன்.
ஒரு 'லாம்'.
இவ்வளவு பேர் கோட்டுப் போட்டு வந்து உட்கார்ந்து
கம்பெனியிடமிருந்து பிடுங்கியது அது.
பின்பக்க எழுத்தை ஆறு புள்ளி ஆக்கினேன்.
கறுப்பில்.
ஏழாக்கிப் பார்த்தேன், இடம் இருந்தது.
ஒப்பந்தத்தில் ஆறு என்றுதான் இருந்தது.

"இலையைத் தொடவேண்டாம்"
என்று எழுதியிருந்தார்கள்,
"அது நன்றாக ஓடுகிறது."

பனித்துளியை மட்டும் எடுத்துவிட்டேன்.
யாரும் கவனிக்கவில்லை.
நாற்பது நிமிட வேலை.
ஒரு மணி நேரத்துக்குப் பில் போட்டேன்.