ஊற்று வெளியே இருந்தது

கோட்டை என்று சொல்ல வாய் கூசும்.
டிரென்னனின் வீடு, அதைச் சுற்றி
ஓக் மரத்தைப் பிளந்து நட்ட வேலி,
மூலையில் சுடுவதற்கு ஓட்டை வைத்த ஓர் அறை.
அகழி இல்லை, கொடி இல்லை.
வர்ஜீனியாவின் மேற்கு மலைக்குப் பின்னால்
புகை எழுந்த அன்று
பதினோரு குடும்பம் உள்ளே வந்தோம்.
நாற்பத்தேழு பேர், ஆறு பசு,
எல்லோரையும் முட்டும் ஒரு கடா.

ஊற்று வெளியே இருந்தது.

வேலி போட்டவர்களுக்குத் தெரியாமல் இல்லை.
அந்தப் பக்கம் பாறை, கம்பம் இறங்கவில்லை.
பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாராம் டிரென்னன்.
கதவிலிருந்து தொண்ணூறு காலடி.
அந்த ஊற்றுக்கு ஷானி ஆட்களிடம்
ஒரு பெயர் இருந்திருக்கும்.
கேட்டு வைத்துக்கொள்ள
எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஜூலையில் சாணமும் தாய்ப்பாலும்
ஈரக் கம்பளியும் வெடிமருந்தும்
ஒரே நாற்றமாகிவிட்டன.
ஜெர்மன்காரர்கள் ஜெபப்பாட்டு எடுத்தால்
எங்கள் ஆட்களுக்கு இருமல் வரும்.
ஒரு கெட்டிலுக்காக இரண்டு பெண்கள்
மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை;
படுத்தால் இருவர் முதுகும் ஒட்டும்.

குண்டு வார்க்க ஈயம் தீர்ந்தபோது
அப்பொலோனியா தன் வெள்ளீயக் கரண்டிகளைக் கொடுத்தாள்,
பன்னிரண்டில் பதினொன்று.
பன்னிரண்டாவதைப் பாவாடை மடிப்புக்குள்
தைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.
பார்த்ததை அவளும் பார்த்தாள்.

தண்ணீருக்கு முறை வைத்தார்கள்.
முதல் வாரம் முறை இருந்தது.
அடுத்த வாரம் ஒருவனுக்கு இடுப்புப் பிடிப்பு,
ஒருவன் மனைவிக்கு நிறைமாதம்.
மூன்றாம் வாரத்திலிருந்து
முறை என்றால் குவாகோ.
இரண்டு குதிரையும் ஒரு பீப்பாய்ப் புகையிலையும் கொடுத்து
டிரென்னன் வாங்கிய ஆள்.
நான் கப்பல் கூலிக்கு
ஏழாண்டு எழுதிக்கொடுத்தவள், மூன்று மீதி.
அவனுக்கும் ஒரு தாள், எனக்கும் ஒரு தாள்.
என் தாளில் முடியும் தேதி இருந்தது.

அவன் போகும்போதெல்லாம்
ஓட்டைகளில் இரண்டு துப்பாக்கி நீளும்.
காட்டைப் பார்த்தா, அவனைப் பார்த்தா என்று
நான் கேட்டதில்லை.

ஆகஸ்டில் ஒரு மாலை, வெளிச்சம் போகிற நேரம்.
குறுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டு
கதவருகே நான்.
வாளி நிறையும் சத்தம் கேட்டது.
இரண்டாவது வாளி நிறையும் சத்தமும் கேட்டது.
பிறகு தவளைகள்.

விடியும்வரை ஒருவரும் வெளியே போகவில்லை.
கதவைச் சாத்தச் சொன்னார்கள், சாத்தினேன்.

காலையில் தட்டைக்கல்லின் மேல்
இரண்டு வாளியும் பக்கத்தில் பக்கத்தில்,
விளிம்புவரை தண்ணீர்.
பூச்சி விழாமலிருக்க
அகன்ற இலை பறித்து மூடி
அது பறக்காமலிருக்க மேலே கூழாங்கல்.
இரத்தம் இல்லை. புல் மிதிபடவில்லை.

ஷானிகள் தூக்கிப் போய்விட்டார்கள்
என்றார் டிரென்னன்.
கணக்குப் புத்தகத்தை விரித்து
நஷ்டம் என்ற பத்தியில் எழுதினார்.
ஆண்கள் தலையாட்டினார்கள்.
அவன் வைத்துவிட்டுப் போன தண்ணீரை
எல்லோரும் குடித்தோம், நல்ல குளிர்ச்சி.

துணி அலசும்போது கவனித்தேன்.
அப்பொலோனியாவின் பாவாடை மடிப்பில்
பழுப்பு நூல் போய்
புதிதாய்க் கறுப்பு நூல்.
உள்ளே கனம் இல்லை,
துணி தட்டையாய்க் கிடந்தது.
அவள் என் கையிலிருந்து பாவாடையை வாங்கி
அழுத்திப் பிழிந்தாள்.

அன்று மாலை டிரென்னன் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார்.
கிரிசல், நீ போ.

ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனேன்.
முதுகில் இரண்டு துப்பாக்கியின் பார்வை.
ஊற்றைத் தாண்டி ஓடை வளைகிற இடத்தில்
மான் போகிற தடம் ஒன்று மேலே ஏறுகிறது;
கோட்டைக்குள்ளிருந்து அது தெரியாது.

வாளிகளை நிரப்பினேன்.
தட்டைக்கல்லில் வைத்தேன்.
கை ஈரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.

அன்றைக்கு, எடுத்துக்கொண்டு திரும்பினேன்.