ஒரு மணி வெடி

மேசைக்கடியில் இடம் பத்தவில்லை.
நிதுர்சன் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தான்.
"இஞ்சால வாங்கோ அக்கா,
அங்கால பீஸ் வரும்.
வாயைத் திறந்து வைச்சிருங்கோ,
இல்லாட்டிக் காது போயிடும்."

அவனுக்கு ஒன்பது வயது.
நான் கோவையில் உளவியல் படித்தவள்.
வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

பரமத்திப் பக்கம் பகல் ஒரு மணிக்குப்
பாறைக்கு வெடி வைப்பார்கள்.
இங்கே பிறந்த எங்களுக்கு அது சோத்து மணி.
எருமைகூடத் தலை தூக்காது.
ஓட்டிலிருந்து தூசி உதிர்ந்தால்
வட்டலைக் கையால் மூடிக்கொண்டு
"குவாரிக்காரனுக்கு வேற பொழப்பில்லீங்" என்போம்.
முகாம் பள்ளியில்
அதே ஒரு மணிக்குப் பதினோரு சத்துணவுத் தட்டுகள்
தரையில் உருண்டுகொண்டிருக்கும்,
பிள்ளைகள் இல்லாமல்.

கையேட்டில் உள்ளபடி
வீடு வரையச் சொன்னேன்.
தாளின் நடுவே ஒரு கோடு இழுத்தான். அது தரை.
வீட்டைக் கோட்டுக்குக் கீழே வரைந்தான்.
'ட' வடிவம், ஐந்து படி,
மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை.
"மழை வந்தா?"
"முழங்கால் மட்டும் தண்ணி நிக்கும்.
தங்கச்சியைத் தூக்கி வைச்சிருப்பன்."
தங்கச்சியை அவன் வரையவில்லை.
நான் கேட்கவில்லை.
கேட்கக் கூடாதென்று கையேட்டிலும் இருக்கிறது.
அதனால்தான் கேட்கவில்லையா, இல்லை பயமா,
இன்றைக்கும் தெரியாது.

ஜன்னலைப் பார்த்து அவனாகச் சொன்னது ஒன்றுதான்:
"இஞ்ச பனைக்கெல்லாம் தலை இருக்கு."

அடுத்த வியாழன் குவாரிக்குப் போனேன்.
வெடி மேஸ்திரி செங்கோடன்.
இடக்கையில் மூன்று விரல்.
நான் சொல்லி முடிக்கும்முன் பீடியை அணைத்தார்.
"நிறுத்தறது நம்ம கையில இல்லீங்க அம்மிணி.
ஓனரு ஒத்துக்க மாட்டாரு.
வேணும்னா ரெண்டாவது விசில
முகாமுப் பக்கமாத் திரும்பி நின்னு ஊதறனுங்."

ஊதினார்.
விசிலிலிருந்து வெடிக்கு நூறு எண்ண வேண்டும்.
முதல் வாரம் இருபதிலேயே எல்லாரும்
மேசைக்கடியில்.
ஆடிக் காற்று விசிலைக்
குளித்தலைப் பக்கம் அடித்துக்கொண்டுபோன
நாட்களை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

கரூரில் யாரோ கட்டும் மாடிக்குப்
பெயின்ட் அடித்துவிட்டு,
கியூ பிராஞ்சுக்காரர்கள் பெயர் கூப்பிடும்முன்
ஓடி வந்த பவளராணி
வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள்:
"மிஸ், இவன் நித்திரையில எண்ணுறான்.
நூறு மட்டும் போய்,
திரும்ப ஒண்டிலயிருந்து தொடங்குறான்.
நல்லதோ கெட்டதோ சொல்லுங்கோ."
பார்ப்போம் என்றேன்.
அவள் கையில் யார் வீட்டுச் சுவரோ
பச்சையாகக் காய்ந்திருந்தது.

"அவை ஏன் விசில் அடிக்கினம்?"
"வெடிக்கு முன்னால ஆளுங்க விலகிக்கத்தான்."
நெடுநேரம் பென்சிலைச் சீவினான்,
முனை வந்த பிறகும்.
"எங்களுக்கு ஒருத்தரும் ஊதேல்லை."

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டேன்.
பஸ் நாலரைக்கு.
அப்போது மணி மூன்று.

தை பிறந்தது. இன்னும்
மேசைக்கடியில்தான் போகிறான்.
ஆனால் தட்டோடு போகிறான்.
அறுபது, எழுபது என்று
சாம்பாரில் விரல் விட்டுப் பிசைகிறான்.
தொண்ணூற்றெட்டில் வாயைத் திறக்கிறான்.
வெடிக்கிறது.
திறந்த வாய் திறந்தபடி இருக்க
ஒரு கவளத்தை உள்ளே வைத்து மூடுகிறான்.

மாவட்ட அலுவலகப் படிவம்
முன்னேற்றம் உண்டா இல்லையா என்று கேட்கிறது.
இரண்டையும் விட்டுவிட்டு
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
சாப்பிட்டான்.