எண்பது சதவீதம்

நானூறு குதிரை வேண்டும் என்றான் தூரே.
லூலியோவில் அன்று மைனஸ் பத்தொன்பது,
விரல் மரத்து, பென்சில் இரண்டு முறை விழுந்தது.
நாலு சிலிண்டர், டர்போ, எத்தனால்;
பெட்ரோலைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு குடிக்கும்.
எண்பது சதவீத நேரத்துக்கு மேல் திறந்தே கிடந்தால்
இன்ஜெக்டருக்கு வாய் மூட நேரமில்லை.
ஆயிரத்து நூறு சிசி போதும், என்றேன்.

அவன் ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தான்
ஆயிரத்து அறுநூறை,
பாதி விலைக்கு, விவாகரத்தான யாரோ ஒருவனிடம்.

முழு மிதியில் பழைய வோல்வோ கத்தியது
அழகாகத்தான்.
சிவப்பு விளக்கில் நின்றபோது
ஒரு துளி கேட்ட வாய்க்கு
ஒரு மடக்கு ஊற்றி
இருமி, நனைந்து, அணைந்தது.

பின்னால் பனி வாரும் வண்டி ஹாரன் அடிக்கிறது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
டாஷ்போர்டில் அந்தக் காகிதம்,
எண்ணைச் சுற்றி
இரண்டு வட்டம்.