வெளியே ஒரே பெயர்

கலாட்ஸ் நகரம். எஃகு ஆலைப் புகை படியும் குடியிருப்பு.
இரண்டாம் மாடியில், என் கட்டிலுக்கடியில்,
ஒரு கணினி. அதை அணைக்கக் கூடாது.
அணைத்தால் நான்கு வீடுகள் இருண்டுபோகும்.
விளக்கெல்லாம் எரிந்துகொண்டுதான் இருக்கும்,
ஆனாலும் இருண்டுபோகும்.

ஓர் இணைப்பு வாங்கத்தான் எங்களுக்கு வக்கிருந்தது.
மாதக் கட்டணத்தை நாலாய்ப் பிரித்தால்
ஆளுக்கு இரண்டு கிலோ பன்றிக்கறி விலை.
கணக்கு, முதல் மாடி ஹராலம்பி போட்டது.
அவர் எதையும் கறியில்தான் அளப்பார்.
பெட்டி தின்னும் மின்சாரம் என் தலையில் என்றதும்
மறுநாள் வாசலில் ஒரு சாடி வெள்ளரிக்காய் ஊறுகாய் இருந்தது.
அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

துளைபோடும் எந்திரம் டிபேரியுவுடையது.
என் கூரையை அவன் மேலிருந்து துளைத்தபோது
சிமெண்டுத் தூள் என் சூப்பில் விழுந்தது.
பின்னாலேயே, நீல நிறத்தில்,
பாம்புக்குட்டி போலத் தலை நீட்டியது கம்பி.
பிடி, பிடி என்று மேலே கத்தினான்.
நான்கு வருடம் தலைக்கு மேலேயே நடந்தவனிடம்
நான் பேசிய முதல் பேச்சு:
"பிடித்துவிட்டேன்."

கம்பிக்குள் எட்டு இழை, இரண்டிரண்டாய் முறுக்கி.
முறுக்குவானேன் என்று கேட்டேன்.
நேராய் ஓடினால் ஒன்றின் பேச்சு இன்னொன்றில் கசியுமாம்.
பின்னிக்கொண்டால் கசியாதாம்.
எனக்கு அது தலைகீழாய்ப் பட்டது.
விவாகரத்தானவள் நான்.

இப்போது எல்லாரும் என் வழியாகத்தான் வெளியே போகிறார்கள்.
போகும்போது அவரவர் பெயரைக் கழற்றிவைத்துவிட்டு
என் பெயரை மாட்டிக்கொண்டு போகிறார்கள்.
டிபேரியு தேடும் பழைய கார் உதிரிபாகம்,
ஹராலம்பியின் சதுரங்கம்
(பெரு நாட்டில் யாரோ ஒருவனிடம் தினமும் தோற்கிறார்),
நான்காம் மாடி லக்ரமியோரா
டூரினில் சுவர் பூசும் கணவனுக்கு எழுதுவது,
எல்லாமே உலகத்துக்கு நான் கேட்டது.
பதில் வரும்போது மட்டும்
யார் கேட்டது யாருக்கு என்று
கட்டிலடிப் பெட்டி மறக்காமல் பிரித்துக் கொடுக்கிறது.
அதன் மேல் நான் படுத்திருக்கிறேன்.
விசிறி இரைகிறது.
என் முதுகுக்குக் கீழே வந்து சேர்ந்த கடிதங்கள்
மாடி ஏறுகின்றன.

பிப்ரவரியில் கம்பெனிக்காரன் வந்தான். பூட்ஸில் பனி.
"ராவும் பகலும் ஓய்வில்லாமல் ஓடுகிறது.
நீங்கள் தூங்குவதே இல்லையா?"
"தூக்கம் வராது."
"வீட்டில் எத்தனை கணினி?"
"ஒன்று."
பொய்யில்லை. எண்ணிக்கொள்ளலாம்.
நிமிர்ந்து கூரைத் துளையைப் பார்த்தான்.
கம்பியைப் பார்த்தான்.
"அது?"
"துணி காயப்போட."
மேலிருந்து கீழாகவா என்று அவன் கேட்கவில்லை.
பிளம் சாராயம் ஒரு மடக்குக் குடித்தான்,
தாளில் 1 என்று எழுதினான்,
கதவருகே நின்று குரலைத் தணித்துச் சொன்னான்:
"ஆணி அடிக்கும்போது கம்பியை நசுக்கிவிடாதீர்கள்.
எங்கள் குடியிருப்பில் அப்படித்தான் வேகம் போனது."

வேகம் போவது டிபேரியுவால்.
பெரிதாய் எதையாவது இறக்க ஆரம்பித்தானென்றால்
மற்ற மூவருக்கும் நத்தைதான்.
அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு.
நான்கு வீட்டையும் துளைத்துக்கொண்டு ஓடும் வெந்நீர்க் குழாய்
எங்கள் கம்பிக்கு முப்பது வருடம் மூத்தது.
கரண்டியால் ஒரு தட்டு: நிறுத்து.
இரண்டு தட்டு: பெட்டியை அணைத்துப் போடு.
வேறெதுவும் பேசிவைக்கவில்லை.

நேற்றிரவு மூன்று மணிக்குக் குழாயில் மூன்று தட்டு.
மேலேயிருந்து. மெதுவாக.
எழுந்து பார்த்தேன். நான்கு பச்சை விளக்கில்
ஒன்றுதான் துடித்தது. லக்ரமியோராவுடையது.
ஏதோ வந்திருக்கிறது.
என் பெயருக்கு வந்து, என்னைத் தாண்டி, அவளிடம் போயிருக்கிறது.
என்னவென்று எனக்குத் தெரிய வழியில்லை.
இருட்டில் கரண்டியைத் தேடினேன், அகப்படவில்லை.
விரல் முட்டியால் தட்டினேன். சுட்டது.
மூன்று.
பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மாடி ஏறினேன்.