எதிர்வீட்டில் மட்டும் மழை

ஐந்தாம் நாளாக நூற்றுப் பதினாறு.
குளிர்நீர்க் குழாயில் வெந்நீர் வருகிறது,
வெந்நீர்க் குழாய்க்கு இந்த மாதம் வேலையில்லை.
அடுப்புக் கையுறை மாட்டிக்கொண்டு
ஸ்டியரிங்கைப் பிடிக்கிறேன்.
மேசா நகரில், ஜூலையில்,
இதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

சனிக்கிழமையிலிருந்து மதிவதனி என்னோடு பேசவில்லை.
தெர்மோஸ்டாட் சண்டை.
அவளுக்கு எழுபத்தெட்டு, எனக்கு எண்பத்திரண்டு.
நாலிலிருந்து ஏழுவரை கரண்ட்டுக்கு மும்மடங்கு காசு
என்பது என் கட்சி.
நாலு டிகிரியை மிச்சம் பிடித்து
எந்தக் கோட்டையைக் கட்டப்போகிறாய்
என்பது அவள் கட்சி.
சண்டை டிகிரியைப் பற்றியதல்ல என்று
சுவரிலிருக்கும் அந்தப் பெட்டிக்குக்கூடத் தெரியும்.
போர்ட்லாண்டில் அவளுக்கு ஒரு வேலை வந்தது.
யோசிக்கலாம் என்றேன்.
யோசிக்கவில்லை.

தினமும் ஐந்தரை வாக்கில் கிழக்கே மேகம் குவியும்.
மலையின் முதுகெலும்பை ஒவ்வொன்றாக
எண்ணிப் பார்க்கும் மின்னல்.
இடி எங்கள் ஜன்னல்வரை வந்து
விலாசம் தவறிவிட்டதுபோல் திரும்பிப் போகும்.
சாம்பல் திரையாக மழை இறங்குவது கண்ணுக்குத் தெரியும்,
பாதி வானத்திலேயே அது தீர்ந்துபோகும்.
தரைக்கு வருமுன் காற்றே குடித்துவிடுகிறது.

திங்கட்கிழமை சமையலறை வாசலில் நின்று
அவள் வாயைத் திறந்தாள். மூடினாள்.
செவ்வாய்க்கிழமை நான்.

புதன் பகலில் ஏ.சி. செத்தது.
எழுபத்தெட்டுமில்லை, எண்பத்திரண்டுமில்லை,
கூடத்தில் தொண்ணூற்றேழு.
மெக்கானிக் ரூபன் எஸ்கலாந்தே போனில் சொன்னார்:
"உங்களுக்கு முன்னால் பத்தொன்பது வீடு."
இரண்டு ஃபேன், ஒரு வாளி ஐஸ்.
தரை ஓட்டில் ஆளுக்கொரு ஓரமாய்
ஈரத் துண்டைப் போர்த்திப் படுத்தோம்.
காய்ந்த துண்டை நனைக்க யார் முதலில் எழுவது,
அதிலும் போட்டி.
மூன்று மணிக்கு விழித்தபோது
என்மேல் கிடந்த துண்டு ஈரமாக இருந்தது.
நான் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் ரூபன் வந்து
சோடா டப்பா அளவில் எதையோ மாற்றினார்.
அவ்வளவுதான். முந்நூற்று நாற்பது டாலர்.

வெள்ளி மாலை புழுதி எழுந்தது.
ஊரைவிட உயரமான காவிச் சுவர்.
தெருவிளக்குகள் இரவென்று ஏமாந்து எரிந்தன.
எல்லாப் போன்களும் ஒரே குரலில் அலறின.
வெண்டெல் வீட்டு டிராம்பொலின்
எங்கள் மதிலில் வந்து சாய்ந்தது.

பிறகு மழை.
எதிர்வீட்டில் மட்டும்.
பொய்யில்லை, தெருவின் நடுவே கோடு கிழித்ததுபோல.
அந்தப் பக்கம் கூரை விளிம்பெல்லாம் அருவி,
சூட்டுக்கு மாட்டிய நாலு சிவப்புக் காலணியோடு
வெண்டெலின் நாய் குதித்துக்கொண்டிருந்தது.
இந்தப் பக்கம் எங்கள் சரளைக்கல்லில்
ஒரு சொட்டு இல்லை.
நம் பக்கமும் வரும் என்று
வாசலிலேயே நின்றேன்.
மதிவதனி நிற்கவில்லை.
வெறுங்காலோடு, கொதிக்கும் தாரில் நாலே தாவலில்
தெருவைக் கடந்து மழைக்குள் போய்விட்டாள்.
அங்கிருந்து திரும்பிப் பார்த்தாள். கூப்பிடவில்லை.
அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
நானும் போனேன்.

பன்னிரண்டு நிமிடம், முடிந்துவிட்டது.
கிரியோசோட் புதர்களிலிருந்து ஒரு வாசனை,
கொஞ்சம் தார், கொஞ்சம் கஷாயம்.
"மண்வாசனை" என்றேன்.
"மண் இல்லை. இலை," என்றாள்.
ஆறு நாளில் முதல் பேச்சு.

இரவு, குடியிருப்பின் வடிகால் பள்ளத்தில்
முழங்கால் தண்ணீர்.
ஆட்டுக்குட்டிகள் கத்துவதுபோல் ஒரே சத்தம்.
தேரைகளாம். பத்து மாதம் மண்ணுக்கடியில் கிடந்து
இடியின் அதிர்வு கேட்டே மேலே வருமாம்.
டிராம்பொலினைத் தேடி வந்த வெண்டெல் சொன்னார்.

"போர்ட்லாண்டில் வருஷம் முழுக்கத் தூறுமாமே" என்றேன்.
"தெரியும்."
இன்னும் ஒன்று சொன்னேன்.
தேரைகள் காது கிழியக் கத்தின,
அவளுக்குக் கேட்டதா, தெரியவில்லை.
செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

நாளைக்கு நூற்றுப் பதினான்கு என்கிறது போன்.